வீட்டில் தேன் மது: முதல் 5 லிட்டரைக் கெடுக்காமல் முடிப்பது எப்படி?

தேன், தண்ணீர், ஈஸ்ட். மூன்றே பொருள் என்பதால் மீட் எனப்படும் தேன் மது சுலபம் என்று நினைத்துத்தான் பலரும் இறங்குகிறார்கள். பியர் என்றால் முளைகட்டிய தானியமான மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்க வேண்டும், ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைக்க வேண்டும், பிறகு சீக்கிரம் ஆறவைக்க வேண்டும். தேன் மதுவுக்கு அடுப்பே தேவையில்லை. சுலபம் என்பது உண்மைதான். ஆனாலும் எங்கள் ஊர் வீட்டுத் தயாரிப்பாளர்கள் சங்கத்துக்குப் புதியவர்கள் கொண்டுவரும் பாட்டில்களில் மூன்று குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன: தொண்டையை எரிக்கும் காட்டம், அழுகிய முட்டை வாடை, நொதிப்பு பாதியில் நின்றதால் திகட்டும் இனிப்பு. விசாரித்துப் பார்த்தால் கோளாறு பெரும்பாலும் முதல் நான்கு நாட்களில் நடந்திருக்கும். அதனால் இங்கே அந்த நான்கு நாட்களுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

நான் பிரிட்டனில் இருந்து எழுதுகிறேன். அளவுகள் இங்கே கிடைக்கும் 4.5 லிட்டர் டெமிஜான் கண்ணாடிக் குடுவைக்கு ஏற்றவை. கடைசியில் கிடைப்பது ஏறத்தாழ 12% ஆல்கஹால் உள்ள, குமிழ் இல்லாத தேன் மது. குமிழ் வேண்டும், பழம் போட வேண்டும் என்ற ஆசையெல்லாம் இரண்டாவது முறைக்கு இருக்கட்டும்.

1. முதலில் சட்டம்

தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டுக்குள், சொந்தக் குடிக்கு என்றாலும் விலக்கு இல்லை. இலங்கையிலும் உரிமம் வேண்டும். அங்கே இருப்பவர்கள் இதைப் படித்துத் தெரிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் சொந்தப் பயன்பாட்டுக்குத் தயாரிக்கலாம், விற்கக் கூடாது. அமெரிக்காவில் 1978இல் வந்த கூட்டரசுச் சட்டம் ஒரு வயதுவந்தவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன் என்று வரம்பு வைத்திருக்கிறது. மாநிலச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர். இந்த நாடுகளில் எதிலும் உரிமம் இல்லாமல் வடித்துச் சாராயம் எடுக்க முடியாது. நாம் செய்யப்போவது நொதிப்பு மட்டும்தான்.

“மெத்தனால் வந்துவிடாதா?” என்று நம் ஆட்கள் கேட்காமல் இருப்பதில்லை. நியாயமான பயம். 2024இல் கள்ளக்குறிச்சியில் உயிர்களைப் பறித்தது சாராயத்தில் கலக்கப்பட்ட மெத்தனால். தேனை ஈஸ்ட் நொதிக்கவைக்கும்போது உருவாகும் மெத்தனால் மிகமிகச் சொற்பம். வடிக்காதவரை அது ஓரிடத்தில் திரளவும் வழியில்லை.

2. வாங்கி வைக்க வேண்டியவை

எல்லாம் கைக்கு வந்த பிறகு தொடங்குங்கள். ஈஸ்ட்டைப் போட்ட மறுநாள் ஊட்டப் பொடிக்கு ஆர்டர் கொடுத்தால் அது வந்து சேரும்போது தேவைப்பட்ட நாள் தாண்டியிருக்கும்.

பாத்திரங்கள்: மூடியில் ஏர்லாக் (உள்ளே உருவாகும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத அடைப்பு) பொருத்தும் துளையுள்ள 10 லிட்டர் உணவுத்தரப் பிளாஸ்டிக் வாளி, 4.5 லிட்டர் டெமிஜான், துளையுள்ள ரப்பர் அடைப்பான், ஏர்லாக், ஆட்டோ சைஃபனும் (மதுவை உறிஞ்சி மாற்றும் கைப்பம்பு) குழாயும், நீண்ட கரண்டி, ஹைட்ரோமீட்டரும் (கரைசலின் அடர்த்தியைக் காட்டும் மிதவை, சர்க்கரை தீரத் தீர அதன் எண் இறங்கும்) அதற்கான உயரக் குழலும், சமையல் தெர்மாமீட்டர், கிராமில் பத்தில் ஒரு பங்குவரை காட்டும் சின்னத் தராசு.

பொருட்கள்: தேன் 1.5 கிலோ, தண்ணீர் 4 லிட்டர், லால்வின் 71பி ஈஸ்ட் 5 கிராம் பாக்கெட் ஒன்று, கோ-ஃபெர்ம் (ஈஸ்ட்டை எழுப்பும்போது போடும் ஊட்டம்) 6 கிராம், ஃபெர்மெய்ட்-ஓ (நொதிக்கும்போது போடும் ஊட்டப் பொடி) 4 கிராம், ஸ்டார் சான் கிருமிநீக்கி. பின்னால் இனிப்புச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் கேம்டன் மாத்திரை (சல்ஃபைட்), பொட்டாசியம் சார்பேட் (ஈஸ்ட் மறுபடி பெருகாமல் தடுக்கும் உப்பு), கூடுதலாகக் கால் கிலோ தேன்.

இதில் ஹைட்ரோமீட்டரைத்தான் பலர் தவிர்க்கப் பார்ப்பார்கள். தவிர்க்காதீர்கள். எப்போது ஊட்டம் போடுவது, எப்போது நொதிப்பு முடிந்தது, எப்போது பாட்டிலில் அடைக்கலாம் என்ற மூன்று முடிவுகளும் அது காட்டும் எண்ணை வைத்துத்தான்.

முதல் நொதிப்புக்கு டெமிஜான் போதாதா என்றால், போதாது. தினமும் கிளற வேண்டும், நுரைக்கு இடம் வேண்டும். குறுகிய கழுத்துள்ள குடுவையில் இரண்டும் நடக்காது.

3. தேன், தண்ணீர், ஈஸ்ட்

கடையில் மலிவாகக் கிடைக்கும் கலப்புத் தேனில் சர்க்கரைப் பாகு சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், இறக்குமதித் தேன் மாதிரிகளில் 46% சந்தேகத்துக்குரியவை என்று கண்டார்கள். பாகும் நொதிக்கும், ஆல்கஹாலும் வரும், ஆனால் மணம் வராது. சர்க்கரை முழுதும் நொதித்துத் தீர்ந்த பிறகு மிஞ்சுவது தேனின் மணம் மட்டும்தான் என்பதால், அருகில் தேனீ வளர்ப்பவர் யாராவது இருந்தால் அவரிடமே வாங்குங்கள். பல பூக்களின் சாதாரணத் தேன் போதும். உறைந்திருந்தால் ஜாடியை 40 டிகிரி வெந்நீரில் நிறுத்திவைத்தால் இளகிவிடும்.

தேனைக் கொதிக்கவைக்கச் சொல்லும் குறிப்புகளைப் பார்த்தால் கடந்துவிடுங்கள். நல்ல தேனில் நீர் 18% அளவுக்குத்தான் இருக்கும். அதில் கிருமிகள் பெருக முடியாது. கொதிக்கவைத்தால் போவது மணம்தான்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் அல்லது குளோரமைன் இருந்தால் மதுவில் மருந்துப் பிளாஸ்திரி வாடை வரும். குளோரமைன் கொதிக்கவைத்தாலும் லேசில் போகாது. இரண்டு 2 லிட்டர் ஊற்றுநீர் பாட்டில் வாங்கிவிட்டால் கவலை தீர்ந்தது. குழாய்த் தண்ணீர்தான் என்றால் கேம்டன் மாத்திரையில் ஒரு துணுக்கை நசுக்கிப் போட்டுக் கலக்குங்கள். ஒரு முழு மாத்திரை 75 லிட்டர் வரை தாங்கும்.

ஈஸ்ட்டில் 71பியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது 15 முதல் 30 டிகிரி வரை வேலை செய்யும், அதிக ஊட்டம் கேட்காது, சீக்கிரமே குடிக்கப் பதமாகும். டி47 என்ற ஈஸ்ட்டையும் பலர் புகழ்வார்கள். நல்ல ஈஸ்ட்தான். ஆனால் 20 டிகிரியைத் தாண்டினால் காட்டம் ஏறிவிடும். அறையின் வெப்பத்தைக் கட்டுப்படுத்த வழியில்லாதவர்களுக்கு அது ஒத்துவராது.

4. கழுவுவது வேறு, கிருமிநீக்கம் வேறு

இந்த வரிசை மாறக் கூடாது. முதலில் வெந்நீரும் வாசனையில்லாத சோப்பும் கொண்டு கழுவி, நன்றாக அலசுங்கள். பிசுக்கு ஒட்டியிருக்கும் இடத்தில் கிருமிநீக்கி உள்ளே போகாது. பிளாஸ்டிக் வாளியைக் கம்பி நாரால் தேய்க்காதீர்கள், கீறல்களுக்குள் கிருமிகள் ஒளிந்துகொள்ளும்.

பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1.5 மில்லி ஸ்டார் சான் கலந்து, மதுவைத் தொடப்போகும் எல்லாவற்றையும் இரண்டு நிமிடம் நனையவிடுங்கள். வாளி, மூடி, கரண்டி, தெர்மாமீட்டர், ஈஸ்ட் பாக்கெட்டை வெட்டும் கத்தரிக்கோல் எல்லாம் இதில் அடங்கும். அப்புறம் அலச வேண்டாம். அதன் நுரையைப் பார்த்துப் பதறிக் குழாய்த் தண்ணீரில் அலசுபவர்கள் நிறையப் பேர். அலசினால் செய்த வேலை வீண். இந்த அளவில் கலந்திருந்தால் நுரை மதுவைக் கெடுக்காது. மீதிக் கலவையை ஒரு தெளிப்பு பாட்டிலில் வைத்துக்கொண்டால் அடுத்த சில நாட்களுக்கு உதவும்.

5. கரைசலும் முதல் ரீடிங்கும்

வாளியில் 2 லிட்டர் தண்ணீர் ஊற்றி, தேன் முழுவதையும் சேருங்கள். ஜாடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் ஒட்டியிருப்பதும் வந்துவிடும். கரைந்ததும் மொத்தம் 5 லிட்டர் வரும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். டெமிஜான் 4.5 லிட்டர்தானே என்றால், அரை லிட்டர் அடிமண்டியிலும் சோதனைக் குழலிலும் போய்விடும்.

இப்போது ஐந்து நிமிடம் வேகமாக அடித்துக் கலக்குங்கள். இதில் இரண்டு பலன். தேன் அடியில் தங்காது. காற்றும் உள்ளே போகும். ஈஸ்ட் தன் செல்களின் சவ்வைக் கட்டிக்கொண்டு பெருக, தொடக்கத்தில் ஆக்சிஜன் தேவை.

ஹைட்ரோமீட்டரைக் குழலில் விட்டு ஒருமுறை சுழற்றிவிடுங்கள், ஒட்டிய குமிழ்கள் உதிரும். திரவத்தின் வளைந்த மேற்பரப்பின் அடிக்கோட்டைக் கண்மட்டத்தில் பாருங்கள். 20 டிகிரியில் 1.088க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 1.060 என்று காட்டினால் தேன் குறைவு என்று மேலும் ஊற்றிவிடாதீர்கள். அது அடியில் கரையாமல் கிடக்கிறது, மீண்டும் கலக்குங்கள். எண்ணையும் தேதியையும் குறித்துவையுங்கள்.

புளிப்புக்காக எலுமிச்சைச் சாறு சேர்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. இந்தக் கட்டத்தில் வேண்டாம். தேன் கரைசலின் புளிப்பைத் தாங்கிப்பிடிக்கும் உப்புகள் குறைவு. நொதிப்பு தொடங்கியதும் அமிலத்தன்மை தானாகவே ஏறும். அதற்கு மேல் நீங்களும் அமிலம் சேர்த்தால் ஈஸ்ட் நின்றுவிடும்.

6. ஈஸ்ட்டை எழுப்புவது

உலர் ஈஸ்ட்டை நேராகத் தேன் கரைசலில் தூவினால், சர்க்கரையின் அழுத்தத்தில் கணிசமான செல்கள் மடிந்துபோகும். முதலில் அதை வெந்நீரில் எழுப்ப வேண்டும்.

கிருமிநீக்கம் செய்த டம்ளரில் 43 டிகிரியில் 125 மில்லி தண்ணீர் எடுத்து, 6 கிராம் கோ-ஃபெர்மைக் கரையுங்கள். 40 டிகிரிக்கு இறங்கியதும் ஈஸ்ட்டைத் தூவிப் பதினைந்து நிமிடம் விடுங்கள். மேலே பழுப்பு நிறத்தில் க்ரீம் போலத் திரண்டு, பிரெட் வாசம் வரும். வெப்பத்தை விரலால் குத்துமதிப்பாகப் பார்க்காதீர்கள். 50 டிகிரிக்கு மேல் போனால் ஈஸ்ட் வெந்துவிடும்.

அடுத்து, வாளியிலிருந்து இரண்டு கரண்டி கரைசலை டம்ளரில் விட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். மறுபடி இரண்டு கரண்டி. டம்ளருக்கும் வாளிக்கும் வெப்ப வித்தியாசம் 10 டிகிரிக்குள் வந்த பிறகு முழுவதையும் வாளியில் ஊற்றிக் கலக்கி மூடுங்கள். ஏர்லாக்கில் பாதி அளவு தண்ணீர் விடுங்கள். திடீர்க் குளிர் ஈஸ்ட்டுக்கு அதிர்ச்சி. இந்தக் கால் மணி நேரப் பொறுமை அதற்காகத்தான்.

7. முதல் நான்கு நாட்கள்

வாளியை வெயில் படாத, 18 முதல் 20 டிகிரி இருக்கும் இடத்தில் வையுங்கள். நொதிக்கும்போது கரைசலே வெப்பத்தை உண்டாக்கும். அதனால் ரேடியேட்டர் பக்கமும் கோடையில் பரண் மேலும் வேண்டாம். இந்த நாட்களில் சூடு ஏறினால் ஈஸ்ட் கனமான ஆல்கஹால்களை உருவாக்கும். தொண்டையை எரிக்கும் அந்தக் காட்டம் அதுதான். அதை எடுக்க வழி கிடையாது, மாதக்கணக்கில் வைத்தாலும் ஓரளவுக்குத்தான் தணியும்.

சரி, ஊட்டம் எதற்கு? மால்ட்டிலிருந்து வரும் பியர் கரைசலில் ஈஸ்ட்டுக்கு வேண்டிய நைட்ரஜன் தாராளமாக இருக்கிறது. தேனில் அது இல்லவே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. நைட்ரஜன் போதாத ஈஸ்ட் கந்தக வாயுவை விடும், அழுகிய முட்டை வாடை அப்படித்தான் வருகிறது. பிறகு பாதி வழியில் நின்றும்விடும். ஒரு கைப்பிடி உலர்திராட்சை போட்டால் போதும் என்று சொல்லும் குறிப்புகள் ஏராளம். அந்தத் திராட்சையில் கிடைக்கும் நைட்ரஜன் எந்த மூலைக்கும் பற்றாது.

4 கிராம் ஃபெர்மெய்ட்-ஓவை ஒரு கிராம் வீதம் நான்கு பங்காகப் பிரித்துவையுங்கள். ஈஸ்ட் போட்டதிலிருந்து 24 மணி நேரத்தில் முதல் பங்கு, 48இல் இரண்டாவது, 72இல் மூன்றாவது. நான்காவது, ரீடிங் 1.059க்கு இறங்கும்போது, அதாவது சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு தீரும்போது. அது ஏழு நாளிலும் வராவிட்டால் ஏழாம் நாள் போட்டுவிடுங்கள். 72 மணிக்கு முன்பே அந்த எண் வந்துவிட்டால் மிச்சத்தை அப்போதே சேர்த்துவிடலாம். மொத்தத்தையும் முதல் நாளே கொட்டினால் ஈஸ்ட் தாறுமாறாகப் பெருகிச் சூடு கிளப்பும், பின்னால் ஊட்டம் இல்லாமல் தவிக்கும். ஆல்கஹால் 9% தாண்டிய பிறகு போடுவதும் வீண். ஈஸ்ட்டால் அதை எடுத்துக்கொள்ள முடியாது, கெட்ட கிருமிகளுக்குத்தான் அது விருந்து.

இனி சொல்வதை அவசரமில்லாமல் செய்யுங்கள். நொதிக்கும் கரைசலில் கரியமில வாயு நிறையக் கரைந்திருக்கும். அதில் பொடியைத் தூவினால் பால் பொங்குவதுபோல் நொடியில் நுரை எழும்பி வாளியைத் தாண்டித் தரையில் ஓடும். அதனால் முதலில் கரண்டியை ஒரே ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்துங்கள். நுரை விறுவிறுவென மேலே வரும், அது அடங்கட்டும். மறுபடி ஒரு சுற்று, மறுபடி காத்திருப்பு. இப்படிச் சில தடவை செய்தால் வேகமாகக் கிளறினாலும் நுரை எழும்பாத நிலை வரும். அப்போது பொடியை இரண்டு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள்.

ஊட்டம் போடும் நேரம் மட்டுமல்ல, காலையும் மாலையும் இப்படிக் கிளறிவிடுங்கள். தேங்கிய வாயு ஈஸ்ட்டின் வேலையை மந்தமாக்கும், கரைசலின் புளிப்பையும் கூட்டும். கரண்டியை ஒவ்வொரு முறையும் ஸ்டார் சானில் நனைப்பதை மறக்காதீர்கள். ரீடிங் 1.059ஐத் தாண்டியதும் கிளறுவதை நிறுத்துங்கள். அதற்குப் பிறகு காற்று எதிரி.

முதல் நாள் ஏர்லாக்கில் குமிழ் வரவில்லை என்று இன்னொரு பாக்கெட் ஈஸ்ட்டைப் போட்டுவிடாதீர்கள். வாளி மூடியின் ஓரத்தில் வாயு கசிந்தாலே குமிழ் தெரியாது. ரீடிங் எடுத்துப் பாருங்கள், இறங்கியிருந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. லேசான முட்டை வாடை வந்தாலும் பயம் வேண்டாம், அடுத்த பங்கு ஊட்டத்தை நேரத்தில் போட்டுக் கிளறினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

8. முடிந்ததா என்று அறிவது

இனி மூன்றாம் வாரம் வரை மூடியைத் திறக்காதீர்கள். குமிழ் நின்றது முடிந்ததற்கு அடையாளம் அல்ல, தொடர்ந்து வருவது நடந்துகொண்டிருப்பதற்கும் அடையாளம் அல்ல. அறை சூடானாலே கரைந்திருந்த வாயு குமிழாக வெளியேறும்.

மூன்றாம் வாரம் ஒரு ரீடிங், ஒரு வாரம் கழித்து இன்னொன்று. இரண்டும் ஒரே எண்ணாக, 1.000 அல்லது அதற்குக் கொஞ்சம் கீழே இருந்தால் நொதிப்பு முடிந்தது. முதல் ரீடிங்கிலிருந்து கடைசி ரீடிங்கைக் கழித்து 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் வரும். 1.088இல் தொடங்கி 0.998இல் முடிந்தால் 11.8%. ஒரு வாய் சுவைத்தும் பாருங்கள், ஆனால் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். இப்போது அது வறட்சியாகவும் முரடாகவும்தான் இருக்கும். இந்த நிலையில் கொட்டிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்கவில்லை.

9. மண்டியை விட்டுப் பிரிப்பது

வாளியை முந்தின நாளே மேசை மேல் ஏற்றிவிடுங்கள். அன்றைக்கே தூக்கினால் மண்டி கலங்கும். சைஃபன் முனையை மண்டிக்கு மேலே பிடித்து, குழாயின் மறுமுனை டெமிஜானின் அடியைத் தொடும்படி வையுங்கள். சலசலவென்று விழுந்தால் காற்றுக் கலந்து, நாளடைவில் நனைந்த அட்டை போன்ற சுவை ஏறும்.

கழுத்துவரை நிரப்பி ஏர்லாக்கைப் பொருத்துங்கள். கடைசிக் கால் லிட்டருக்கு ஆசைப்பட்டு மண்டியையும் உறிஞ்சாதீர்கள். குடுவை நிறையாவிட்டால் கழுவிய கண்ணாடிக் கோலிகுண்டுகளைக் கிருமிநீக்கம் செய்து போட்டு மட்டத்தை உயர்த்தலாம்.

தெளிய இரண்டு மூன்று மாதம் ஆகும். குளிரான இடத்தில் வைத்தால் சீக்கிரம் தெளியும். குடுவைக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து படிக்க வர வேண்டும்.

10. இனிப்பு வேண்டும் என்றால்

வறண்ட சுவையே பிடித்திருந்தால் நேராக அடுத்த படிக்குப் போகலாம். இனிப்பு வேண்டுமென்றால், முதலில் ஈஸ்ட் மறுபடி கிளம்பாதபடி செய்ய வேண்டும். இல்லையென்றால் சேர்த்த தேனும் பாட்டிலுக்குள் நொதித்து, அழுத்தத்தில் கண்ணாடி வெடிக்கும்.

தெளிந்த மதுவில் ஒரு கேம்டன் மாத்திரையைப் பொடித்தும், 1.2 கிராம் பொட்டாசியம் சார்பேட்டும் கரைத்து ஒரு நாள் விடுங்கள். இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். சார்பேட் தனியாகப் போய், லாக்டிக் பாக்டீரியாவும் இருந்துவிட்டால் ஜெரேனியம் இலை வாடை வரும். ஓடிக்கொண்டிருக்கும் நொதிப்பை இவை நிறுத்தாது, முடிந்தது மறுபடி தொடங்காமல்தான் தடுக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், பரிமாறும்போது சொல்லிவிடுங்கள்.

அளவை வாளியில் தேடாதீர்கள், டம்ளரில் தேடுங்கள். 100 மில்லி வீதம் மூன்று டம்ளரில் எடுத்து 2, 4, 6 கிராம் தேன் கரைத்துச் சுவையுங்கள். 4 கிராம் பிடித்தால் 4.5 லிட்டருக்கு 180 கிராம். ரீடிங் 1.010ஐ ஒட்டி வரும். பிறகு இரண்டு வாரம் வைத்து, அந்த எண் அசையவில்லை என்று உறுதியான பின்புதான் பாட்டில்.

11. பாட்டிலில் அடைப்பது

கார்க் அடிக்கும் கருவி இல்லாதவர்களுக்குக் கம்பிப் பூட்டு மூடியுள்ள பியர் பாட்டில் வசதி. அலங்காரத்துக்கு விற்கும் மெல்லிய கண்ணாடி பாட்டில்கள் வேண்டாம். கழுத்தில் இரண்டு விரல் இடம் விட்டு நிரப்புங்கள். தேதி, தேன், ஈஸ்ட், இரண்டு ரீடிங்குகள் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து எது எதென்று ஞாபகம் இருக்காது.

குறைந்தது மூன்று மாதம் இருட்டில் வையுங்கள். முதல் பாட்டிலை மூன்றாம் மாதமும் அடுத்ததை ஆறாம் மாதமும் திறந்தால், முரட்டுத்தனம் போய்த் தேன் மணம் மேலே வருவது தெரியும்.

12. சங்கத்துக்குக் கொண்டுபோங்கள்

வீட்டில் இருப்பவர்கள் “நல்லாருக்கு” என்பார்கள். அன்பு, ஆனால் உதவாது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பல ஊர்களில் வீட்டுத் தயாரிப்பாளர் சங்கங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் பியர் ஆட்கள்தான், ஆனால் தேன் மதுவையும் ஆவலாகச் சுவைப்பார்கள். பலர் பிஜேசிபி என்ற நடுவர் அமைப்பின் மதிப்பெண் தாளைப் பயன்படுத்துகிறார்கள். தேன் மதுவுக்கு அதில் மணத்துக்கு 10, தோற்றத்துக்கு 6, சுவைக்கு 24, மொத்த உணர்வுக்கு 10 என 50 மதிப்பெண். மதிப்பெண்ணை விட அதன் பக்கத்தில் எழுதித் தரும் குறிப்புதான் தேவை.

போகும்போது பாட்டிலோடு உங்கள் குறிப்பேட்டையும் எடுத்துப்போங்கள். “காட்டமாக இருக்கிறது” என்று ஒருவர் சொல்லும்போது, இரண்டாம் நாள் அறை 25 டிகிரி இருந்தது என்று நீங்கள் காட்ட முடிந்தால் காரணம் அங்கேயே பிடிபடும். அடுத்த வாளியில் அதை மட்டும் மாற்றுங்கள். தேன், ஈஸ்ட், வெப்பம் மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று அந்தச் சங்கத்தில் யாராலும் சொல்ல முடியாது.